வேலைக்கு வந்த புனிதர்

அத்தியாயம் 11

காலை ஏழு பத்துக்கு நிஷ் நகரப் பக்கம் போகும் கூட்ஸ் வண்டி பொயிலோ ஊரைக் கடந்தது. நிற்கவில்லை. ரயில்வே காலனியின் முதல் வரிசையில் ஜன்னல்கள் அதிர்ந்தன.

ரதோமிர் கவ்ரிச் வெள்ளைச் சட்டைக்குப் பொத்தான் போட்டுக்கொண்டிருந்தார். கை நின்றது. கடைசிப் பெட்டி போகும் வரை அப்படியே நின்றார். ஸ்டேஷன் வேலையின் சிவப்புத் தொப்பியைக் கழற்றிக் கொடுத்து ஓய்வு பெற்ற பிறகும் இது மட்டும் போகவில்லை.

இன்று அக்டோபர் பத்தொன்பது. தோமையார் நாள். கவ்ரிச் வீட்டுக்கு அப்பா வழியில் வந்த புனிதரின் நாள்.

கூடத்தில் நெட்டை மெழுகுவர்த்தி தயாராக இருந்தது. ரொட்டி, சிவப்பு ஒயின், சர்க்கரையும் வாதுமையும் சேர்த்த வேகவைத்த கோதுமை. எட்டு மணிக்குப் பாதிரியார் வருவார்.

"எத்தன பொத்தான் இருக்கு அந்தச் சட்டையில?" என்றாள் மனைவி தெசங்கா. "அரை மணி நேரமா போட்டுக்கிட்டிருக்கீங்க."

"வந்துட்டேன்."

"மூஞ்சிய கொஞ்சம் நல்லா வெச்சுக்கங்க. இன்னிக்கு மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர் வர்றார்."

அதுதான் விஷயம் என்று அவர் சொல்லவில்லை.

மகள் நெவேனா அந்தப் பெயரை வீட்டில் சொன்னது செப்டம்பரில். ரெல்யா கவ்ரிச். கூட்ஸ் வண்டி ஓட்டுகிறவன். லோகோ ஷெட் இருந்த இடத்தில் இப்போது கார்களுக்கு வயர் கட்டும் தொழிற்சாலை. அவள் வேலை முடிந்து தண்டவாளத்து ஓரமாக வருவாள். ஒரு நாள் சிவப்பு விளக்கில் அவன் வண்டி நெடுநேரம் நின்றது. பேச்சு அப்படித் தொடங்கியது.

தெசங்கா கரண்டியைக் கீழே வைத்தாள். "அவனும் கவ்ரிச்சா?"

ஒரே பெயர், ஒரே புனிதர் என்றால் பங்காளி. பங்காளிக்குள் கல்யாணம் கிடையாது. ஒன்பது தலைமுறைக்குக் கிடையாது. சட்டம் ஒன்றும் சொல்லாது. ஊர் சொல்லும்.

அவன் வந்த அன்று காபி கொடுக்கும் முன்பே கேட்டாள். "உங்க வீட்டுப் புனிதர் யாரு தம்பி?"

"நிக்கோலாஸ்."

"எங்களுக்குத் தோமையார்." தெசங்கா மூச்சு விட்டாள். பிறகு காபி வந்தது. சிரிப்பு வந்தது. நவம்பர் நோன்பு தொடங்கும் முன் கல்யாணம் என்று முடிவானது.

ரதோமிர் அன்று ஒன்றே ஒன்று கேட்டார். எந்த ஊர்.

"மலை மேல, யசெனோவா" என்றான் ரெல்யா.

அன்றிலிருந்து அவர் தூங்கவில்லை.

*

பொயிலோ என்றால் தண்ணி காட்டும் இடம். முதலில் மாடுகளுக்கு. பிறகு எஞ்சின்களுக்கு.

தண்ணீர்த் தொட்டி வந்த பிறகுதான் ஊர் வந்தது. கோயில் வர இன்னும் ஒரு தலைமுறை ஆனது. இங்கே பூர்வீகம் என்று யாருக்கும் கிடையாது. எல்லோரும் வேலைக்கு வந்தவர்கள். ஆளுக்கு ஒரு மூட்டையும் ஒரு புனிதரும் கொண்டு வந்தார்கள்.

சிக்கல் அதில்தான். வந்தவர்களில் பாதிக்கு மேல் நிக்கோலாஸ் வீட்டுக்காரர்கள். முதல் டிசம்பர் பத்தொன்பதில் தண்டவாளப் பாயிண்ட் திருப்ப ஆள் இல்லை. எஞ்சினுக்குக் கரி அள்ளிப் போட ஆள் இல்லை. வீட்டுப் புனிதர் நாளில் வேலைக்கு வா என்று எந்த அதிகாரியும் சொல்லிவிட முடியாது. இரண்டு பக்கமும் வண்டிகள் பனியில் நின்றன.

அடுத்த வருடம் ஸ்டேஷன் மாஸ்டர் ஆள் எடுத்தார். ஒரே கேள்வி. உன் புனிதர் யார்? நிக்கோலாஸ் என்றவனைத் திருப்பி அனுப்பினார்.

வரிசையில் ஒரு மலைக்காரன் நின்றான். முன்னால் நின்றவர்கள் ஒவ்வொருவராகத் திரும்பிப் போவதைப் பார்த்தான். மேலே ஆலங்கட்டி மழையில் விளைச்சல் போயிருந்தது. அவன் முறை வந்தது.

"தோமையார்" என்றான். நிக்கோலாசுக்கும் பத்தொன்பதுதான், தோமையாருக்கும் பத்தொன்பதுதான். மாதம் மட்டும் வேறு. மறக்காது.

வேலை கிடைத்தது. வீடு கிடைத்தது. சொன்ன புனிதருக்கே மெழுகுவர்த்தி ஏற்ற வேண்டியதாயிற்று.

அவர் ரதோமிரின் கொள்ளுத்தாத்தா. அன்றிலிருந்து நிக்கோலாஸ் நாளில் ஸ்டேஷனில் எப்போதும் ஒரு கவ்ரிச் இருந்தான். மகன் முதன்முதலாக அந்த நாளில் வேலைக்கு நிற்கும்போது அப்பா ஒரு தரம் சொல்வார். எந்த மலை, எந்த ஊர், உண்மையில் எந்தப் புனிதர். ரதோமிருக்கு அவருடைய அப்பா தண்ணீர்த் தொட்டிக்குக் கீழே நின்று சொன்னார். சிகரெட் ஒன்று எரிந்து முடியும் நேரம்தான். வீட்டுப் பெண்களுக்குத் தெரிய வேண்டாம் என்றார்.

ரதோமிருக்கு மகன் இல்லை. தன்னோடு முடிந்தது என்று நினைத்திருந்தார்.

*

இந்த நாளுக்கு யாரையும் அழைப்பதில்லை. வருகிறவர்கள் வருவார்கள். அழைக்காத ஒருவரை வராதே என்று சொல்லவும் வழியில்லை.

முதலில் வந்தது எதிர் வீட்டு சிகா. எஞ்சின் ஓட்டி ஓய்ந்தவர். ஒரு கரண்டி கோதுமை எடுத்து, சிலுவை போட்டுக்கொண்டு வாயில் போட்டார்.

"இந்தத் தடவ வாதுமை ஜாஸ்தி. சம்பந்தி வர்றாருன்னா இப்படியா?"

"உக்காரு" என்றார் ரதோமிர்.

"நீதான் உக்கார முடியாது பாவம்."

வீட்டுக்காரர் இன்று உட்காரக் கூடாது. நின்றுகொண்டுதான் ஊற்ற வேண்டும், பரிமாற வேண்டும். ரதோமிருக்கு அது ஒரு விதத்தில் வசதியாக இருந்தது. நிற்கிறவனை யாரும் அதிகம் பேசச் சொல்வதில்லை.

பன்னிரண்டரைக்குக் கார் வந்தது. ரெல்யா ஓட்டி வந்தான். பக்கத்தில் அவனுடைய பெரியப்பா ஸ்ரெதொயே. அப்பா இல்லாதவனை வளர்த்தவர். அகலமான ஆள். இறங்கும்போதே பேசிக்கொண்டு இறங்கினார்.

"ஸ்டேஷன் தெருன்னான். ஸ்டேஷன் எங்கன்னு ரெண்டு பேர்கிட்ட கேட்டேன். ரெண்டு பேருக்கும் தெரியல."

"இருக்கு, இருக்கு" என்றார் சிகா. "பலகை அடிச்சு மூடி வெச்சிருக்கு. சிக்னலெல்லாம் இப்ப பெல்கிரேடுல ஒருத்தன் உக்காந்து போடறான். எங்க ஊருக்கு மழை பெய்யுதான்னுகூட அவனுக்குத் தெரியாது."

"அப்ப ஊருல என்னதான் ஓடுது?"

"மூக்கு. அக்டோபர்ல எல்லாருக்கும் ஓடும்."

ஸ்ரெதொயே சிரித்தார். ரதோமிரை இரண்டு கையாலும் பிடித்து மூன்று முறை முத்தமிட்டார். "சம்பந்தி. நல்லா இருக்கீங்களா சம்பந்தி?"

அந்தச் சொல்லை அவர் விடவில்லை. வாசலில் சொன்னார். மெழுகுவர்த்திக்கு முன்னால் சொன்னார். பிளம் சாராயத்தை வாங்கும்போது சொன்னார். ஒவ்வொரு தடவையும் ரதோமிர் தலையை ஆட்டினார்.

தெசங்கா பூரித்துப்போயிருந்தாள். சூப் வந்தது. முட்டைக்கோஸ் இலையில் சுற்றிய இறைச்சி வந்தது. தட்டு போதாது என்று அவளே மூன்றாம் வரிசைக்குத் தங்கை வீட்டுக்கு ஓடினாள். நெவேனா தாம்பாளத்தோடு உள்ளும் வெளியுமாகப் போய் வந்தாள். ரெல்யா அவளைப் பார்க்காத மாதிரி பார்த்தான்.

"சின்ன வீடுன்னு நெனச்சேன்" என்றார் ஸ்ரெதொயே. "கல்லு நல்ல கல்லு."

"ரயில்வே கட்டினது."

"நிலம்?"

"நிலம் கிடையாது. தோட்டம்தான்."

"நிலமே இல்லாம ஊரா?"

"எங்களுக்குத் தண்டவாளம்தான் நிலம்" என்றார் சிகா. "உழவும் வேணாம், விதைக்கவும் வேணாம். அறுத்துட்டுப் போக மட்டும் பழைய இரும்புக்காரன் வந்தான்." தன் கிளாசை நீட்டினார். "இந்த ஆளக் கேளுங்க. முப்பத்தெட்டு வருஷம். ஒரு நிக்கோலாஸ் நாள் வீட்டுல இருந்ததில்ல."

ரதோமிர் ஊற்றினார். "சூப் ஆறுது, சாப்பிடுங்க."

"ஏன் இருந்ததில்ல?" என்றார் ஸ்ரெதொயே.

"நாங்க எல்லாம் நிக்கோலாஸ் வீட்டுக்காரங்க. குடிச்சுட்டுக் கெடப்போம். கவ்ரிச்சுக்குத்தான் வேற புனிதராச்சே. இவன், இவன் அப்பன், அவன் அப்பன். நிக்கோலாஸ்னா ஸ்டேஷன்ல கவ்ரிச்."

"எங்களுக்கு நேர் மாத்தி" என்றார் ஸ்ரெதொயே. "கவ்ரிச்னா நிக்கோலாஸ் அன்னிக்கு எங்க இருந்தாலும் வீட்டுக்கு வந்துடணும். உயிரோட இருந்தா வந்துடணும்."

"பெரியப்பா, அந்தக் கதை வேணாம்" என்றான் ரெல்யா.

"ஏன், நல்ல நாள்ல செத்தவங்களப் பத்திப் பேசக் கூடாதா? இந்தக் கோதுமை பின்ன யாருக்கு?"

நெவேனா அப்போதுதான் இறைச்சித் தாம்பாளத்தோடு உள்ளே வந்தாள். அவர் அவளையே பார்த்துச் சொன்னார்.

"எங்க வீட்டுல அண்ணன் தம்பி ரெண்டு பேரு. எல்லாம் ரயிலு வந்த காலம். அண்ணன் மிலிசாவ், நாங்க அவர் வழி. தம்பி, அங்க மலையில பொழைக்க முடியலன்னு கீழ எறங்கிப் போனான். ரயில்ல வேல கெடச்சுதுன்னு ஆள்கிட்ட சொல்லி அனுப்பினான். எந்த ஸ்டேஷன்னு சொன்னவனுக்கும் தெரியல. டிசம்பர் வந்துச்சு. தட்டு வெச்சு, கிளாஸ் வெச்சுக் காத்துக்கிட்டு இருந்தாங்க. வரல. அடுத்த வருஷமும் வரல."

"அப்புறம்?" என்றாள் நெவேனா.

"அப்புறம் என்ன, செத்துட்டான். நிக்கோலாசுக்கு வரலன்னா கவ்ரிச் செத்துட்டான்னு அர்த்தம். ரயில் பாதைக்குச் சுரங்கம் தோண்டறப்ப நெறைய பேர் போனாங்களே. மிலிசாவ் பாதிரியாரக் கூப்பிட்டுச் சடங்கு பண்ணிட்டார். ஒடம்பு இல்லாமலே கல்லு நட்டாங்க. இன்னிக்கும் நிக்கோலாஸ் அன்னிக்கு அவனுக்கு ஒரு கிளாஸ் வெக்கறோம். தனசியேவோட கிளாஸ்னு பேரு."

நெவேனாவின் கையில் தாம்பாளம் அசையவில்லை.

அந்தப் பெயரைக் காலையில் பாதிரியார் படித்திருந்தார். ரொட்டியை வெட்டும் முன், இந்த வீட்டில் இறந்தவர்களின் வரிசையில், முதல் பெயராக.

"பொண்ணு வீட்டுப் பேரும் கவ்ரிச்னு இவன் சொன்னதும் எனக்கே ஒரு மாதிரி இருந்துச்சு" என்றார் ஸ்ரெதொயே. "அப்புறம் தோமையார்னு சொன்னான். போதும்டா, நிம்மதின்னேன். பேரை மாத்துவான். நாட்டை மாத்துவான். புனிதரை எவன் மாத்துவான்?"

நெவேனா அப்பாவைப் பார்த்தாள். அவர் ஊற்றிக்கொண்டிருந்தார். கிளாஸ் நிரம்பி, மேஜை விரிப்பு நனைந்து, சிகாவின் கால்சட்டையில் சொட்டியது.

"டேய்" என்றார் சிகா. "எனக்கு உள்ள ஊத்து. வெளிய வேணாம்."

*

ஒயின் எடுக்க ரதோமிர் நிலவறைக்கு இறங்கினார். பின்னால் படியில் காலடி கேட்டது.

"தெரியுமா உங்களுக்கு?" என்றாள் நெவேனா.

அவர் பீப்பாய்க்கு முன்னால் குனிந்திருந்தார். நிமிரவில்லை.

"அப்பா."

"தெரியும்."

"எப்போலேர்ந்து?"

"புனிதர் விஷயம் ரொம்ப நாளா. இவன் அந்த வீடுன்னு, ஊர்ப் பேரு சொன்னப்ப."

"அம்மாவுக்கு?"

"தெரியாது."

குழாயைத் திறந்தார். ஒயின் ஜாடியில் விழும் சத்தம் மட்டும் கேட்டது. அவள் சுவரில் சாய்ந்தாள்.

"எதுக்கு மாத்தினார்?"

"வேலைக்கு. நிக்கோலாஸ்னு சொன்னா எடுக்கல. ஒரு சொல்லு மாத்திச் சொன்னார். அவ்வளவுதான் நெவேனா. ஒரு சொல்லு."

"அவங்க கல்லு நட்டிருக்காங்க."

"அது எனக்கு இன்னிக்குத்தான் தெரியும்."

"அவர் ஏன் போகவே இல்ல? வேற ஒரு நாள் போயிருக்கலாமே."

"போனா கேப்பாங்க. ஏன் நிக்கோலாசுக்கு வரலன்னு கேப்பாங்க. என்ன சொல்லுவார்?"

ஜாடி நிறைந்தது. அவர் குழாயை மூடினார்.

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா நீ அவன விட்டுடுவ. இல்லன்னா விட மாட்ட. எதப் பண்ணினாலும் தெரிஞ்சு பண்ண வேண்டி வரும். உனக்கு எதுக்கு அது? நான் தூக்கிக்கிட்டுப் போயிடலாம்னு பாத்தேன்."

"இப்ப?"

"இப்ப உன் கையிலயும் இருக்கு."

அவள் சுவரின் சுண்ணாம்பை நகத்தால் சுரண்டினாள். பிறகு, "சட்டப்படி ஒண்ணும் இல்லையே?" என்றாள்.

"இல்ல."

"அஞ்சு தலைமுறை ஆச்சு."

"ஒன்பது கேப்பாங்க."

"நீங்க கேப்பீங்களா?"

ரதோமிர் ஜாடியைத் தூக்கினார். "நான் உன்னக் கட்டிக் குடுக்கணும்னுதான் வாய மூடிக்கிட்டு நிக்கறேன்" என்றார். படியில் ஏறும்போது நின்றார். "அந்த ஆளு பாத்தியா? சம்பந்தி சம்பந்திங்கறார். ஒவ்வொரு தடவையும் பங்காளின்னு என் காதுல விழுது."

*

ரெல்யா தோட்டத்து வேலி ஓரம் நின்றிருந்தான். வேலிக்கு அந்தப் பக்கம் தண்டவாளம். பழைய மூன்று பாதைகளில் ஒன்றுதான் பளபளத்தது. மற்ற இரண்டிலும் புல்.

"நேத்து இந்த வழியா வந்தேன்" என்றான். "ரெண்டு தடவ ஹாரன் அடிச்சேன். கேட்டுதா?"

"கேட்டுது."

"வெளிய வரல?"

"மாவு பிசைஞ்சுக்கிட்டு இருந்தேன்."

அவன் சிரித்தான். "பெரியப்பாவுக்கு உங்க வீடு புடிச்சுப்போச்சு. எங்க வீட்டு வாசனை வருதாம். ரொட்டி மேல மாவுல திராட்சைக் கொத்து போடறீங்களே, அது எங்கம்மா போடற மாதிரியே இருக்காம்."

"எல்லாரும் போடறதுதானே."

"அதத்தான் நானும் சொன்னேன்."

அவள் வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். சொல்லிவிடலாம் என்று தோன்றியது. இப்போதே, இந்த வேலி ஓரமாகவே. இவன் வண்டி ஓட்டுகிறவன். உலகத்தைப் பார்க்கிறவன். சிரித்துவிட்டு விடுவான்.

"ரெல்யா. கல்யாணம் முடிஞ்ச பிறகு, ஏதோ ஒரு வகையில நாம சொந்தம்னு யாராவது சொன்னா என்ன பண்ணுவ?"

"யாரு சொல்லப் போறா?"

"சும்மா கேக்கறேன்."

"எங்க ஊருல நடந்துது." அவன் வேலியில் முதுகைச் சாய்த்தான். "போன வருஷம். ஒரு பொண்ணு, பையன். ரெண்டும் வேற வேற பேரு. பாட்டு, பந்தல், எல்லாம் சொல்லியாச்சு. கடைசியில பாத்தா ஒரே புனிதர், ஒரே கொடி. எங்க பெரியப்பாதான் நேராப் போயி பேசி நிறுத்திட்டு வந்தார். அழுதுக்கிட்டேதான் வந்தார். ஆனா நிறுத்திட்டார்."

"அந்தப் பொண்ணு?"

"ஆஸ்திரியாவுல இருக்கான்னு சொல்றாங்க."

"நீயா இருந்தா?"

"நான் எதுக்கு? நமக்குத்தான் தோமையார் காவல் இருக்காரே." அவள் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்தினான். "என்ன?"

தண்டவாளம் பாடத் தொடங்கியது. தூரத்தில் வண்டி. அருகில் வர வரப் பேச முடியாது. இருவரும் நின்று பார்த்தார்கள். கரி ஏற்றிய பெட்டிகள். ஓட்டுநர் ரெல்யாவை அடையாளம் தெரிந்து கையை ஆட்டினார். கடைசிப் பெட்டி போனது.

"ஒண்ணும் இல்ல" என்றாள் நெவேனா. "வா, கேக் வெட்டணும்."

சொன்ன பிறகுதான் உணர்ந்தாள். இனி அப்பா மட்டும் மறைக்கவில்லை.

*

கூடத்தில் சிகா நாற்காலியிலேயே தூங்கிவிட்டார். மெழுகுவர்த்தி பாதிக்குக் கீழே எரிந்திருந்தது. தனசியே கதை முடிந்த பிறகே தட்டுகளோடு திரும்பியிருந்த தெசங்கா, கேக்கைத் துண்டு போட்டு, கன்னம் சிவக்க ஒவ்வொருவருக்கும் வைத்துக்கொண்டிருந்தாள்.

ஸ்ரெதொயே எழுந்தார். கிளாசை மேலே தூக்கினார்.

"ரெண்டு வீட்டுக்கும் அப்புறமாக் குடிக்கலாம். இப்ப, இந்த வீட்ட உண்டாக்கின ஆளுக்கு. நிலம் இல்லாத எடத்துல வந்து நின்னு, ஒரு குடும்பத்த நட்டு வெச்சாரே, அவருக்கு." ரதோமிர் பக்கம் திரும்பினார். "அவர் பேரு என்ன சம்பந்தி?"

ரதோமிர் கையில் ஜாடி இருந்தது.

"பழைய ஆளு" என்றார். "எல்லா செத்தவங்களுக்கும் சேத்துக் குடிங்க."

"சேத்துக் குடிக்கறது கோழைங்க வேல. நான் பேரு சொல்லித்தான் குடிப்பேன்."

"பெரியப்பா, கேக் சாப்பிடுங்க" என்றாள் நெவேனா. குரல் அவளுக்கே பெரிதாகக் கேட்டது. முதல்முறையாக அவரைப் பெரியப்பா என்று கூப்பிட்டிருந்தாள்.

ஸ்ரெதொயே நெகிழ்ந்துபோனார். "கேட்டியாடா ரெல்யா? பெரியப்பாங்குது." கண்ணைத் துடைத்துக்கொண்டார். கிளாசை மட்டும் இறக்கவில்லை.

ரதோமிர் தன் மனைவியைப் பார்க்கக் கூடாது என்று இருந்தார். பார்த்துவிட்டார். தெசங்கா கையைத் துணியில் துடைத்துக்கொண்டு முன்னால் வந்துகொண்டிருந்தாள். இந்த வீட்டுக்கு வாழ வந்த வருடத்திலிருந்து இறந்தவர்களின் அந்தப் பெயர் வரிசையைப் பாதிரியாருக்கு அவள்தான் சொல்லிக் கொடுக்கிறாள். ஒரு பெயர்கூடத் தவறவிட்டதில்லை. கணவனுக்குப் பெயர்கள் வாயில் வராததில் அவளுக்குக் கொஞ்சம் வெட்கம். தனக்குத் தெரியும் என்பதில் கொஞ்சம் பெருமை.

ஸ்ரெதொயே அவள் பக்கம் திரும்பினார்.

"வீட்டுக்காரருக்கு நின்னு நின்னு மறந்துபோச்சு. நீங்க சொல்லுங்க சம்பந்தியம்மா. அவர் பேரு என்ன?"